பூ நிறைய, கன்று இல்லை: வடசென்னைச் செம்மண் மேடு ஒன்றில் ஆவாரை

புழலுக்கும் மாதவரத்துக்கும் இடையே, மழைநீர் வாய்க்கால் ஒன்றை ஒட்டி ஒரு செம்மண் மேடு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. ஒரு பக்கம் வாய்க்கால் கரை, மறுபக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைகள். மேட்டின் சரிவில் ஆவாரைப் புதர்கள் இடுப்புயரத்துக்கும் ஆளுயரத்துக்கும் நிற்கின்றன. கார்த்திகை, மார்கழியில் போனால் தூரத்திலேயே மஞ்சள் தெரியும். இடத்தின் சரியான அடையாளத்தை இங்கே வேண்டுமென்றே தரவில்லை. பூப்பறிக்கும் கூட்டம் அதிகமானால் முதலில் பாதிக்கப்படுவது இந்த மேடுதான்.

இவ்வளவு பூக்கும் செடியை ஏன் ஆய்வுக்கு எடுக்க வேண்டும்? தரையைக் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். புதர்கள் எல்லாமே முதியவை. அடித்தண்டு கட்டை விரலைவிடப் பருத்து, பட்டை பழுப்பேறி, பழைய வெட்டுத் தழும்புகளோடு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள இளஞ்செடி அபூர்வம். மழைக்குப் பிறகு முளைகள் வருகின்றன, அடுத்த ஆண்டு அவை அங்கே இருப்பதில்லை. ஆவாரை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இல்லை. இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இலங்கையிலும் பரவலாக வளர்கிறது, தெலங்கானாவுக்கு மாநில மலரும் அதுவே. இந்த மேட்டில் அறுந்திருப்பது தலைமுறைத் தொடர்ச்சி. முதிய புதர்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும்போது அந்த இடத்தை நிரப்ப எதுவும் இருக்காது. நகரத்து ஆவாரைத் திட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான், பூத்துக்கொண்டே காணாமல் போகின்றன.

நிலம்

வடசென்னை முழுவதும் ஒரே மண் இல்லை. செங்குன்றம், புழல் பக்கம் சரளை கலந்த செம்மண்ணும் செம்புறைக் கல்லும் உண்டு. மாதவரம் தாண்டி மணலி, சாத்தாங்காடு நோக்கிப் போகப் போகத் தாழ்ந்த களிமண். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் மணலும் உப்பும். ஆவாரைக்குச் சரளைச் செம்மண் நன்றாகப் பொருந்தும். களிமண்ணிலும் வளரும், ஆனால் தண்ணீர் நிற்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் வேர் மூழ்கினாலே இளஞ்செடி அழுகிவிடும். முதிய புதர் ஓரளவு தாங்கும். எண்ணூர் கழியோரத்து உவர்நிலத்தில் ஆவாரையை நட்டுப் பார்ப்பது வீண் வேலை. அங்கே உமரியும் கண்டலும் வாழ வேண்டும். பசுமையாக்குகிறோம் என்று எல்லா இடத்திலும் ஒரே செடியை நடும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

வயலோரத்தில் நட்டால் ஆவாரை மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வந்த எண்ணம் அது. ஆனால் ஆவாரை சேரும் சென்னா பேரினத்துச் செடிகளின் வேர்களில், தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகள் பொதுவாக உண்டாவதில்லை. ஆவாரையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆழமாகப் போகும் ஆணிவேர் கரைமண்ணைப் பிடித்து வைக்கும். ஆடு மாடு வழக்கமாகத் தொடாது என்பதால் வேலி இல்லாமலே நிற்கும். கோடையிலும் இலையோடு இருக்கும்.

பூவும் வண்டும்

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூச்சிக்கு அது தருவது மகரந்தம் மட்டும், அதையும் சுலபமாகத் தராது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் தூள் வெளியே தெரியும். ஆவாரையின் மகரந்தப் பைக்கு நுனியில் சிறு துளைதான் உண்டு, மூடியில் ஓட்டை போட்ட மிளகுத்தூள் குப்பியைப் போல. குலுக்கினால்தான் கொட்டும்.

குலுக்கத் தெரிந்தவை சில தேனீக்களே. அவற்றில் முதன்மையானது நம் ஊரில் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ. பூவைக் கால்களால் இறுகப் பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கும். பறக்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான, விட்டு விட்டு வரும் ‘ஸ்ஸ்’ ஒலி கேட்டால் மகரந்தம் கொட்டுகிறது என்று பொருள். வயிற்றில் நீலப் பட்டை உள்ள சிறு தேனீக்களும் இதைச் செய்யும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை கிடையாது. அடுக்குத் தேனீயோ கொம்புத் தேனீயோ பூவில் உட்கார்ந்திருந்தால், சிந்திக் கிடப்பதைப் பொறுக்குகிறது என்றே கொள்ள வேண்டும். ஆவாரைத் திட்டுக்குப் பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்தால் காய் கூடும் என்று எதிர்பார்ப்பதில் பயன் இல்லை.

பூவுக்குள் பத்துக் கேசரங்கள், அதாவது மகரந்தப் பையைத் தாங்கும் காம்புகள். மேலே உள்ள மூன்றும் மலடு. நடுவில் உள்ள குட்டையானவை வண்டுக்கு உணவு. கீழே நீண்டு வளைந்தவற்றின் மகரந்தம்தான் வண்டின் உடலில் அதன் கால்கள் எளிதில் துடைக்க முடியாத இடத்தில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. சூல்தண்டு சில பூக்களில் இடப்பக்கமும் சில பூக்களில் வலப்பக்கமும் வளைந்திருக்கும், ஒரே செடியிலேயே இரண்டையும் பார்க்கலாம். இடப்பூவில் வண்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிய தூள் வலப்பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியைத் தொடும்படியான அமைப்பு இது. வண்டு சிறியதாக இருந்தால் இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. அதனால்தான் உடல் பருத்த கருவண்டு இத்தனை முக்கியம்.

மேட்டில் காய் குறைவதற்கான முதல் காரணம் இங்கே இருக்கிறது. கருவண்டுக்கு மகரந்தம் மட்டும் போதாது, பறப்பதற்குத் தேன் வேண்டும். குடியிருக்கக் காய்ந்த மென்மரமோ மூங்கிலோ வேண்டும். ஆவாரை இரண்டையும் தராது. தேன் கொடுப்பது பக்கத்தில் நிற்கும் எருக்கு. எருக்கின் கனத்த பூவைத் திறமையாகக் கையாளுவதும் இதே வண்டுதான். குடியிருப்புக்குப் பட்டுப்போன முருங்கைக் கிளை, கல்யாண முருங்கை, பழைய கீற்றுக்கொட்டகையின் மூங்கில் ஆகியவை உதவும். மனைகளைச் ‘சுத்தம்’ செய்யும்போது எருக்கும் காய்ந்த மரமும் முதலில் போய்விடுகின்றன, அழகாகப் பூத்திருக்கிறது என்று ஆவாரை மட்டும் விடப்படுகிறது. வண்டு இல்லாமல் அந்தப் பூவால் ஒரு பயனும் இல்லை.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. ஒவ்வொரு ஆவாரைத் திட்டின் ஓரத்திலும் சில எருக்குச் செடிகளைத் தொடாமல் விடுவது முதல் வேலை. ஒரு முனை கணுவால் அடைபட்ட, உள்விட்டம் ஒன்றரை செ.மீ. அளவுள்ள மூங்கில் துண்டுகளை ஓரடி நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பன்னிரண்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் கட்டித் தொங்கவிடலாம். திறந்த முனை சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் சாரல் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். முருங்கையின் காய்ந்த தடித்த கிளை கிடைத்தால் அதையும் நட்டுவைக்கலாம். வண்டு தானே குடைந்துகொள்ளும்.

பூப்பறிப்பு

தை பிறக்கும் முன் வாரத்தில் காப்புக் கட்டவும் மாட்டுப் பொங்கலுக்கும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை எல்லாம் கட்டாகச் சந்தைக்கு வரும். இது ஆண்டுக்கு ஒருமுறை வருவது, தாங்கக்கூடியது. அண்மைக்காலத்தில் கூடியிருப்பது மருந்துக்கான பறிப்பு. பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் ஆவாரம்பூப் பொடி நன்றாகப் போகிறது. பறிப்பு மார்கழியோடு நிற்காமல் பூ இருக்கும் மாதமெல்லாம் நடக்கிறது. விடியற்காலையில், வண்டு வருவதற்கு முன்பே, கொத்தோடு கிள்ளிவிடுகிறார்கள். நுனிக்கொத்து போனால் அதிலுள்ள மொட்டுகளும் சேர்ந்து போகின்றன.

பறிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்கள், அன்றைய செலவுக்குக் காசு பார்ப்பவர்கள். அவர்களைத் துரத்துவது சரியும் இல்லை, நடக்கவும் நடக்காது. பறிக்கும் முறையை மாற்றலாம். பொடிக்கும் கஷாயத்துக்கும் வேண்டியது இதழ். “அக்கா, காம்போட கிள்ளாதீங்க, இதழ மட்டும் எடுங்க, மதியத்துக்கு மேல வாங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அந்த நேரத்துக்குள் வண்டு தன் வேலையை முடித்திருக்கும். ஐந்து இதழ்களையும் கிள்ளினாலும் நடுவில் உள்ள பச்சைச் சூலகம் செடியிலேயே நின்று காயாகும். எடை கொஞ்சம் குறையும், ஆனால் காம்பும் புல்லி இதழும் கலக்காத சரக்கு சீக்கிரம் காயும், நிறமும் மங்காது. கடைக்காரரிடம் இதைச் சொல்லி விலை கேட்கலாம்.

பொங்கல் கட்டுக்குக் கிளையே வேண்டும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு புதர்களை ஒதுக்கி, அவற்றின் அடித்தண்டில் வண்ணத்துணி கட்டி அடையாளப்படுத்துவது நல்ல வழி. ஆண்டுக்கு ஒரு பங்காகச் சுற்றி வந்தால், வெட்டுப்பட்ட புதருக்கு இரண்டு ஆண்டு ஓய்வு கிடைக்கும்.

வெட்டலாம், பிடுங்கக்கூடாது

ஆவாரை வெட்டுத் தாங்கும் செடி என்பதற்கு நம் தோல் தொழிலின் வரலாறே சாட்சி. அதன் பட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்பொருள் உண்டு. மதராஸ் மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையை நம்பியே நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வரத் தொடங்கிய பிறகே தேவை குறைந்தது. அத்தனை காலம் வண்டி வண்டியாக வெட்டியும் செடி போகவில்லை, ஏனென்றால் வெட்டியவர்கள் கட்டையை விட்டுவைத்தார்கள். கட்டையிலிருந்து மறுபடி தளிர்த்தது.

இப்போது வருவது ஜேசிபி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரும்போதும், மனை உரிமையாளர்கள் இடத்தைச் சுத்தம் செய்யும்போதும் மேல்மண்ணோடு வழித்து எடுக்கிறார்கள். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துப் போனால் செடி முடிந்தது. வழித்த மண்ணோடு அதில் தூங்கிக் கிடந்த விதைகளும் குப்பை லாரியில் ஏறிவிடுகின்றன. இந்த மேட்டில் முதிய புதர்கள் தப்பியிருப்பது வண்டி ஏற முடியாத சரிவில் மட்டும். தட்டையான பகுதியில் ஒன்றுகூட இல்லை.

அதற்காக எதையும் தொடாமல் விட்டாலும் ஆவாரைக்கு ஆகாது. தொடாமல் விட்ட பகுதியில் சீமைக் கருவேலமும் சவுண்டலும் மூடிக்கொள்கின்றன. ஆவாரை முளைக்க வெயிலும் திறந்த மண்ணும் வேண்டும். தாய்ப்புதரின் நிழலில்கூட முளை நிலைக்காது. ஒருமுறை மேலாகக் கொத்திவிட்டுப் பிறகு இரண்டு ஆண்டு கைவைக்காமல் இருப்பது இதற்கு ஏற்ற ஒழுங்கு. நகரத்தில் நடப்பதோ ஆண்டுக்கு இரண்டுமுறை வழிப்பு. புரட்டாசி வழிப்பில் ஆடி முளைகள் போகின்றன, பொங்கலுக்கு முந்தைய வழிப்பில் ஐப்பசி முளைகள் போகின்றன. கன்று இல்லாததற்குப் பெரிய காரணம் இந்தக் காலக்கணக்குதான்.

சீமைக் கருவேலத்தை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயல்புச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் எந்திரத்தை விட்டு ஒரே நாளில் வேரோடு புரட்டினால், நடுவில் நிற்கும் ஆவாரையும் போய், புரண்ட மண்ணில் கருவேல விதையே முதலில் முளைக்கும். இங்கே கடப்பாரைதான் சரியான கருவி. மழை பெய்து மண் நனைந்த வாரத்தில் முழங்கால் அளவுக் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். பெரியவற்றை அடியைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் தளிர்க்கும். ஒரு பருவத்தில் கால்வாசிப் பரப்புக்கு மேல் எடுக்காமல், எடுத்த இடத்தில் அந்த ஆண்டே ஆவாரை விதைத்துவிடுவது நல்லது.

விதை

காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்து பழுப்பாகும்போது எடுக்க வேண்டும். குலுக்கினால் விதை ஆடும் ஒலி கேட்கும். ஒரு காயில் பத்து முதல் இருபது விதை வரை இருக்கும். குறைந்தது இருபது புதர்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு காய்க்கு மேல் பறிக்காமல் சேர்ப்பது நல்லது. ஒரே புதரிலிருந்து மூட்டை கட்டினால் பின்னால் வரும் செடிகள் எல்லாம் ஒரே தாய்ப் பிள்ளைகளாக இருக்கும்.

காயில் ஊசித்துளை தெரிந்தால் விதைத் துளைப்பான் என்ற சிறு வண்டின் வேலை அது. இது கருவண்டு இல்லை, பயறு வண்டின் உறவு. காயில் முட்டையிட்டு, விதைக்குள் வளர்ந்து, துளைத்து வெளியே வரும். பறித்த காயை மூட்டையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் முழுவதும் பொடியாகிவிடும். அதே வாரம் உடைத்து, விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்கி, மூழ்கியதை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் உலர்ந்த சாம்பல் கலந்து வைக்க வேண்டும்.

அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. விதையுறை அவ்வளவு கடினம், தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் வெயிலும் மழையும் உரசலும் மெல்ல மெல்லத் திறக்கும். நமக்கு எளிய வழி வெந்நீர். விதையின் அளவைப்போலப் பத்து மடங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விதையின் மேல் ஊற்றி மறுநாள் காலைவரை வைக்க வேண்டும். அடுப்பில் வைத்தபடியே விதையைப் போட்டால் கரு வெந்துவிடும். காலையில் இருமடங்கு உப்பியவை விதைக்கத் தயார். உப்பாதவற்றை உப்புத்தாளில், மூக்குப் பகுதிக்கு எதிர்ப்பக்கமாக, உறையின் நிறம் மாறும்வரை தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம்.

எல்லா விதையையும் இப்படித் திறந்துவிடக்கூடாது. நான்கில் ஒரு பங்கைத் திறக்காமலே தூவுவது நல்லது. அந்த ஆண்டு மழை பொய்த்தாலும் மண்ணில் ஒரு சேமிப்பு இருக்கும்.

விதைப்புக்குச் சென்னையில் ஆடிப்பட்டம் ஏற்றது. ஆடி, ஆவணியின் மாலை மழைகளில் முளைத்து, ஐப்பசி அடைமழைக்குள் ஒரு சாண் வளர்ந்து ஆணிவேர் இறங்கியிருக்கும். ஐப்பசியில் விதைத்தால் முளை மழையில் அடித்துக்கொண்டு போகும், அல்லது அழுகும். குழிக்கு மூன்று விதை, விரற்கடை ஆழம், குழிக்குக் குழி ஐந்தடி. களிமண் பகுதியில் ஓரடி உயர மண்மேடு கூட்டி அதன் மேல் விதைக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும். ஒரு மாதம் கழித்துக் குழிக்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரித்துவிடலாம், பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

நாற்றங்காலில் வளர்த்து நடுவது இரண்டாம்பட்சம். ஆணிவேர் பையின் அடியில் முட்டி வளைந்துவிட்டால் அந்தச் செடி பிறகு கோடையைத் தாங்காது. பைதான் வழி என்றால் ஒன்பது அங்குல உயரத்துக்குக் குறையாத பையில், மூன்று மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும்.

வாங்கும் நாற்று ஆவாரைதானா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் பூ என்றாலே ஆவாரை என்று விற்பவர்கள் உண்டு. மஞ்சள் கொன்றை, பொன்னாவிரை, தங்க அரளி என்று சொல்லும் டெகோமா எல்லாம் அந்தப் பெயரில் வரும். முதுமலையில் காடெங்கும் பரவி வனத்துறைக்குத் தலைவலியாகியிருக்கும் சென்னா ஸ்பெக்டபிலிஸும் இதே சாயல் கொண்டது, அதைத் தெரியாமல் நட்டால் விளைவு மோசம். ஆவாரையை இலைக்காம்பின் அடியில் கண்டுபிடிக்கலாம். காது மடல் போல அகன்ற இலையடிச் செதில் இரண்டு பக்கமும் இருக்கும், இலை முதிர்ந்த பிறகும் உதிராது. சிற்றிலைகள் எட்டு முதல் பன்னிரண்டு சோடி. சோடிக்கு நடுவில் நடுக்காம்பின் மேல் சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும்.

அந்தச் சுரப்பியைத் தேடி எறும்பு வரும். எறும்பைக் கண்டதும் பூச்சிமருந்து அடிக்கத் தேவையில்லை, அது இலையைத் தின்னும் புழுவைக் கட்டுக்குள் வைக்கிறது. இளந்தளிரில் பச்சைப் புழு இருந்தாலும் பதறவேண்டியதில்லை. நடுநரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும் அந்தப் புழு கேடோப்சிலியா பைரான்தி என்ற வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியாக மாறும். சிறு மஞ்சள் பட்டாம்பூச்சியான யுரிமா ஹெகேபியின் புழுக்களும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து இலைகளை நம்பி இருக்கின்றன. ஓரிரு கிளை மொட்டையானாலும் முதிய புதர் மீண்டும் தளிர்க்கும். முதலாண்டுக் கன்றில் மட்டும் புழு அதிகமானால் கையால் எடுத்துப் பெரிய புதருக்கு மாற்றிவிடலாம்.

மேட்டில் இனி

இரண்டாம் ஆண்டில் நல்ல செடிகள் பூக்கத் தொடங்கும். ஆனால் பூவை வைத்து வெற்றியைக் கணக்கிடக்கூடாது, இந்த மேடு அதைத்தான் காட்டுகிறது. பார்க்க வேண்டியவை இரண்டு. தை, மாசியில் ஒரு கொத்துக்கு எத்தனை பூ வந்து எத்தனை காய் நின்றது என்பது ஒன்று. பத்துப் புதர்களில் கிளைக்கு நூல் கட்டி எண்ணினால் போதும். பூ நிறைந்து காய் இல்லையென்றால் வண்டில் அல்லது பறிப்பில் குறை. காய் நிறைந்து முளை இல்லையென்றால் விதைத் துளைப்பானையும் மண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, வைகாசி கழிந்து உயிரோடிருக்கும், தண்டு மரத்துப்போன கன்றுகளின் எண்ணிக்கை. கத்திரியைத் தாண்டாத முளையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தூர்வாரும் வேலை எப்போது வரும் என்பது வட்டார அலுவலகத்தில் கேட்டால் தெரியும். ஆவணி முடிவதற்குள் கன்றுகள் உள்ள பகுதியைச் சுற்றி நாலடி உயர மூங்கில் நட்டு, ஆறடிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். அறிவிப்புப் பலகையைவிட ஜேசிபி ஓட்டுநரின் கண்ணுக்குத் துணி சீக்கிரம் படும். வேலை தொடங்கும் நாளில் காலை ஏழு மணிக்குள் ஒருவர் அங்கே நின்று, வாரிய சேற்றைக் கரையின் எந்தப் பக்கம் கொட்ட வேண்டும் என்று காட்டுவது அவசியம். கன்றின் மேல் ஒரு வண்டிச் சேறு விழுந்து காய்ந்தால் அந்த ஆண்டின் விதைப்பு முழுவதும் போய்விடும்.